சொக்குவுக்குச் சொன்ன தாக்கல்

ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு ஆரிபா தமிழ்த் துறைக்குள் வந்தபோது, வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்துக்காக வந்திருக்கிறாள் என்றுதான் சத்தியப்பிரியா நினைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். துறையில் வேறு யாரும் இல்லை. கறுப்புப் பர்தா அணிந்திருந்த அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். காரைக்குடி பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரிவரை வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் பை. நாற்காலியைக் காட்டிய பிறகும் உட்காரவில்லை. வக்கீல் அழகுசுந்தரம் அனுப்பினார் என்று மட்டும் சொன்னாள்.

என்ன சொல் என்று சத்தியப்பிரியா கேட்டாள்.

“தாக்கல்” என்றாள் ஆரிபா.

சத்தியப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிவகங்கை வட்டாரப் பேச்சில் கலந்திருக்கும் அயற்சொற்களைப் பற்றித்தான் அவள் ஆய்வு செய்து பட்டம் வாங்கியிருந்தாள். அதில் இந்தச் சொல்லுக்கு மட்டும் பதினோரு பக்கம். ஒன்பது வருடத்தில், வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியரைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கங்களைப் புரட்டியதாகத் தெரியவில்லை. அதைத் தேடிக்கொண்டு ஒருத்தி வெயிலில் நடந்து வந்திருக்கிறாளே என்று ஒரு கணம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

ஆரிபா தன் போனை மேசைமேல் வைத்து ஒரு குரல்பதிவை ஓடவிட்டாள். சில விநாடிகள்தான். பின்னால் பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, ஓர் ஆண்குரல் அவசரமாகப் பேசியது.

“ஆரிபா, சொக்குக்குத் தாக்கல் குடுத்துட்டேன். பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்கான். நான் டூட்டிக்குக் கெளம்புறேன். நீ யாருகிட்டயும் இப்பச் சொல்லிக்கிறாத.”

சத்தியப்பிரியா பிறந்தது காளையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். அவளுடைய அப்பா பெத்தன், வாசலில் ஆள் வந்து நின்றாலே “என்ன தாக்கல்?” என்றுதான் கேட்பார். ஆகையால் அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. யாரோ ஒருவனுக்கு வீட்டிலிருந்து சாவுச்செய்தி வந்திருக்கிறது. இந்த மனிதர் அதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவன் இடிந்துபோய்க் கிடக்கிறான். அவ்வளவுதான்.

பிறகு ஆரிபா பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மேலே அரபி, நடுவில் ஆங்கிலம், அடியில் அழகுசுந்தரம் தன் கையெழுத்தில் எழுதிய தமிழ். ‘சொக்குவை நான் தாக்கிவிட்டேன். அவன் பேச்சும் மூச்சும் இல்லாமல் கிடக்கிறான். நான் வேலைக்குப் போகிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.’

சத்தியப்பிரியாவின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரிபா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆரிபாவின் கணவர் ஜமீல் பதினோரு வருடமாக வளைகுடாவில் இருந்தார். ஒரு கட்டுமானக் கம்பெனியின் பஸ்சை ஓட்டினார். தொழிலாளர்களைக் குடியிருப்பிலிருந்து வேலையிடத்துக்கு ஏற்றிப்போவதும் இறக்கிவிடுவதும் அவர் வேலை. காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்துச் சொக்கு அங்கே கம்பி கட்ட வந்தபோது, ஒரே மாவட்டத்துக்காரன் என்று ஜமீல் தன் அறையிலேயே கட்டில் பிடித்துக் கொடுத்தார். மூன்று வருடம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பங்குனியில் ஊரில் சொக்குவின் ஆறு வயது மகள் ரோகிணி ஊருணியில் விழுந்து செத்துப்போனாள். சொக்குவின் மனைவி காளியாயி, புருசனைக் கூப்பிடத் திராணியில்லாமல், ஜமீலைக் கூப்பிட்டுச் சொன்னாள். மதுரை ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சொக்குவின் தாயாருக்கு இன்னும் தெரியாது, யார் காதிலும் போட்டுவிட வேண்டாம் என்றும் சொன்னாள். இரவு வேலை முடிந்து அறையில் இருந்த சொக்குவிடம் மதியத்தில் ஜமீல் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெளியே நாற்பது பேர் பஸ்சில் காத்துக்கொண்டிருந்ததால் கிளம்பிப் போனார். அவர் திரும்பி வந்தபோது குடியிருப்பின் நான்காவது மாடிக்கு நேர் கீழே சொக்கு மண்டை உடைந்து கிடந்தான். சுற்றி போலீஸ் நின்றது.

முந்தின வாரம் மின்விசிறியைப் பற்றி இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டதை மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். போலீஸ் போனை வாங்கிக் குரல்பதிவைக் கேட்டிருக்கிறது. மொழிபெயர்க்க வந்தவர் ‘தாக்கல்’ என்பதைத் தனக்குத் தெரிந்தபடி எழுதிவிட்டார். அவர் எந்த ஊர்க்காரரோ. ஒருவேளை தமிழ்நாட்டின் வடக்கே எங்கோ வளர்ந்தவராக இருக்கலாம். இதில் அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது.

இதையெல்லாம் ஆரிபா அழாமல் சொன்னாள். சொல்லிச் சொல்லி அழுகை வற்றியிருக்க வேண்டும். விசாரணைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அங்கே உள்ள வக்கீல் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது என்று தமிழ் படித்த ஒருவரின் சான்று கேட்கிறார் என்றாள்.

சத்தியப்பிரியா அன்றே எழுத உட்கார்ந்தாள். நான்கு நாள் ஆனது. ஆய்வேட்டின் பதினோரு பக்கத்தை நான்கு பக்கமாகச் சுருக்கினாள். உள்ளே நுழைவது என்று பொருள்படும் அரபுச் சொல் உருது வழியாகத் தெற்கே வந்ததையும், வரி வசூலித்த அலுவலகங்களான கச்சேரிகளின் பதிவேட்டில் ஏறியதெல்லாம் தாக்கல் எனப்பட்டதையும், இன்றும் நீதிமன்றத்தில் மனுவும் தேர்தலில் வேட்புமனுவும் தாக்கல் ஆவதையும் எழுதினாள். மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் அது கச்சேரியை விட்டு இறங்கி வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டதையும், இங்கே ‘தாக்கல் சொல்லிவிடு’ என்றால் செய்தி அனுப்பு என்று பொருள் என்பதையும், சாவுச்செய்திக்கே அது மிகுதியாக வழங்குவதையும் எழுதினாள். பதிவேட்டுச் சொல் எப்படிச் செய்தி ஆனது என்பதற்கு அவளிடம் ஆதாரம் இல்லை. செய்தியும் ஊருக்குள்ளும் வீட்டுக்குள்ளும் மனிதருக்குள்ளும் நுழைவதுதானே என்று எழுதி, பக்கத்திலேயே ‘ஊகம்’ என்றும் போட்டாள். அவள் அப்படிப்பட்டவள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, தெரியாததைத் தெரியாத அளவுக்கு எழுதுவாள்.

அரபு மூலத்தை அரபு எழுத்திலேயே போட்டால் அங்குள்ள நீதிபதிக்குப் பார்த்த உடனே பிடிபடும் என்று தோன்றியது. அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆரிபாவை வரவழைத்து எழுதச் சொன்னாள். ஓதப் பழகிய கை, வலமிருந்து இடமாக நான்கு எழுத்தை மெதுவாக எழுதியது.

“ஓதுறப்ப வர்ற வார்த்தை மாதிரியே இருக்கு மேடம். இது அவங்க பாஷைதானா?” என்று ஆரிபா கேட்டாள்.

“ஆமா. அவங்ககிட்டேருந்து வந்ததுதான்.”

“அப்ப அவங்களுக்குப் புரிஞ்சுரும்” என்றாள் ஆரிபா. முதன்முதலாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘தாக்கு என்னும் தமிழ் வினையடியாகப் பிறக்கும் தாக்கல் என்ற சொல்லுக்கு அடித்தல், மோதுதல் என்ற பொருளும் உண்டு; எனினும் இவ்வட்டாரப் பேச்சில் தாக்கல் கொடு என்று வருமிடத்தில் அப்பொருள் கொள்ளப்படுவதே இல்லை.’ ஆரிபா அதை இரண்டு தடவை படித்தாள்.

“இந்த வரி வேணுமா மேடம்?”

வேண்டும் என்று சத்தியப்பிரியா விளக்கினாள். எந்த அகராதியைத் திறந்தாலும் அந்தப் பொருளும் இருக்கும். எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டினால், மறைத்து எழுதியவள் என்று மற்ற மூன்று பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாமே சொல்லி, நாமே மறுத்துவிட்டால் அதுதான் பலம்.

“நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு என்னமோ திக்குங்குது. அந்த ஒத்த வரிய எடுத்துருங்களேன்.”

சத்தியப்பிரியா எடுக்கவில்லை. படித்தவள் என்ற முறையில் தன் பெயரைப் போட்டுத் தரும் தாளில் பாதியை மறைக்க முடியாது என்றாள். ஆரிபா தாளைப் பையில் வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டு போனாள்.

தீர்ப்பு வந்தபோது ஆடி மாதம். அழகுசுந்தரம் கல்லூரிக்கே நேரில் வந்தார். வயதானவர். படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் பேசினார். பதினைந்து வருடம் என்றார். இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்களாம். ஒன்று, செத்தவனின் மனைவி காளியாயி, தான் யார் மூலமாகவும் செய்தி சொல்லிவிடவில்லை என்று போலீசிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் பேசியது ஊருணிக் கரையில் நின்ற யாருடைய போனிலோ. அதில் பேசியது அவள்தான் என்று ஜமீலாலும் நிரூபிக்க முடியவில்லை. இரண்டாவது காரணத்தைச் சொல்ல அவர் தயங்கினார். சத்தியப்பிரியா தாளை வாங்கித் தானே படித்தாள். குற்றவாளி தரப்பில் அளிக்கப்பட்ட தமிழ் அறிஞரின் சான்றே இச்சொல்லுக்கு அடித்தல் என்ற பொருள் உண்டு என ஒப்புக்கொள்கிறது.

அவளுடைய வாக்கியத்தை அரைப்புள்ளியோடு நிறுத்திவிட்டார்கள். ‘எனினும்’ என்பது அங்கே போய்ச் சேரவே இல்லை. மொழிபெயர்த்தவர் விட்டாரா, படித்தவர்கள் விட்டார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை.

“நீங்க ஒண்ணும் தப்பா எழுதலம்மா” என்றார் அழகுசுந்தரம். அந்த ஆறுதல் அவளை இன்னும் குத்தியது. ஆரிபா என்ன சொன்னாள் என்று கேட்டாள். உங்களிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள் என்றார்.

அதற்குப் பிறகு பாடம் நடத்துகிறபோதெல்லாம் சத்தியப்பிரியாவுக்கு வாய் குழறியது. பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பலகையில் எழுதும்போது, முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்கோ கம்பிக்குள் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது சனிக்கிழமை கல்லல் வழியாகப் போகும் பஸ்சைப் பிடித்துக் காளையார்கோவில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காளியாயியின் கிராமத்தில் இறங்கினாள். ஆரிபா அதற்கு முன்பே ஒரு முறை போய், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். ஆகையால் சத்தியப்பிரியா தனியாகவே போனாள்.

காளியாயி அப்போதுதான் நூறு நாள் வேலையிலிருந்து வந்து, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. சத்தியப்பிரியா தான் பெத்தன் மகள் என்றும் பக்கத்து ஊர்தான் என்றும் சொன்னபோது முகம் மலர்ந்தது. “உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீக” என்றாள். காரைக்குடியிலிருந்து எதற்காக வந்தாள் என்று தெரிந்ததும் அந்த முகம் மூடிக்கொண்டது.

“நான் யாருகிட்டயும் தாக்கல் சொல்லிவிடல. போலீசுலயும் அதத்தான் சொன்னேன். இப்பயும் அதான்.”

அவள் வாயிலேயே அந்தச் சொல் அப்படி இயல்பாக வந்து விழுந்தது. சுவரில் மாலை போட்ட இரண்டு படம் இருந்தது. மகள் பள்ளிக்கூடச் சட்டையில். அப்பன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியதில், கண்ணை அகல விழித்தபடி. பிறகு சத்தியப்பிரியா எழுந்து செருப்பை மாட்டினாள். அப்போது காளியாயி பின்னாலிருந்து கேட்டாள்.

“அந்தாளு பேசுனது ஒங்ககிட்ட இருக்காமுல்ல. அதப் போடுங்க.”

ஆரிபா அனுப்பி வைத்திருந்த குரல்பதிவைச் சத்தியப்பிரியா தன் போனில் போட்டாள். பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்கான் என்ற இடத்தில் காளியாயி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதுவும் முடிந்தது.

“அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் சொல்லலயா?”

“வேறன்னா?”

காளியாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது சத்தியப்பிரியாவுக்கு ஒன்று விளங்கியது. இவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். சாவைத் தவிர வேறு எதையோகூடச் சொல்லிவிட்டிருக்கிறாள். அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல்தான் தவிக்கிறாள்.

ஐப்பசியில் ஒரு நாள், அடைமழையில், காளியாயி தானாகவே கல்லூரிக்கு வந்தாள். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். வாயிற்காவலர் விடாமல் நிறுத்தி வைத்திருந்ததால், சத்தியப்பிரியா இறங்கிப் போய்த்தான் அழைத்து வந்தாள். வெளியே மரத்தடியில் பைக் நிறுத்தும் கொட்டகைக்குள் நின்றே பேசினார்கள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றைக்கு அவளும் வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாமியார் ஆஸ்பத்திரியில். பிள்ளை ஊருணிப் படியில் விளையாடப் போய் விழுந்துவிட்டாள். மேலே எடுத்துப் போட்டபோது ஊர்ப் பெண்கள் காளியாயியைத்தான் பார்த்தார்கள். பெற்றவள் எங்கே போயிருந்தாய் என்று யாரும் வாயால் கேட்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கேட்டது. அந்த நேரத்தில் யாரோ போனைக் கையில் திணித்தார்கள். சொக்குவின் எண் எடுக்கவில்லை. அறைக்காரர் என்று ஜமீலின் எண் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

“தாக்கலச் சொல்லிருங்கண்ணேன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். வாய் நிக்கல. மூணு வருசமா அங்குட்டே கெடந்தீகளே, ஒங்க கையால ஒரு வா சோறு ஊட்டுனீகளா, நீங்க இருந்தா என்ன செத்தா என்னன்னு நான் கேட்டேன்னு சொல்லுங்கன்னு சொன்னேன். சத்தியமா டீச்சர், அப்படியே சொல்லுங்கன்னு சொன்னேன்.”

மழை கொட்டகைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் சத்தியப்பிரியா குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“அந்தாளு அடிச்சுத்தான் கொன்னாருன்னு போலீசுல சொன்னப்ப எனக்கு ஒறக்கம் வந்துச்சு. நான் பேசுனதால சாகல, அவருதான் அடிச்சுப்புட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். இம்புட்டு நாளு அப்படித்தான் ஒறங்குனேன். ஒங்க போன்ல அவரு கொரலக் கேட்டதுலருந்து அதுவும் போச்சு. அது கொன்னவன் கொரலு இல்ல.”

எழுதிக் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள். ஒன்றே ஒன்று கேட்டாள். தாக்கல் சொல்லிவிட்டது நான்தான் என்று மட்டும் எழுத வேண்டும். மற்றதை எழுத வேண்டாம். மாமியாருக்குத் தெரிந்தால், ஊருக்குத் தெரிந்தால், தான் அந்த வீட்டில் இருக்க முடியாது.

சத்தியப்பிரியா சரி என்றாள். யோசிக்கக்கூட இல்லை. மறுநாள் சிவகங்கையில் நோட்டரி முன்னால் காளியாயி கைநாட்டு வைத்த தாளில் ஆறே வரி இருந்தது. மகள் இறந்த செய்தியைக் கணவரிடம் சொல்லும்படி ஜமீலிடம் கேட்டுக்கொண்டது நான்தான். பயத்தால் முன்பு மறுத்துவிட்டேன். அதோடு ஒரு புதிய சான்றும் சத்தியப்பிரியா எழுதினாள். ஒரே பக்கம். அதில் தாக்கு என்ற வினையும் இல்லை, அரைப்புள்ளியும் இல்லை. அதன் அடியிலும் தன் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேல்முறையீடு பதினான்கு மாதம் இழுத்தது. அதற்குள் ஜமீலுக்குச் சிறையில் காது சீழ் பிடித்து, இடது காது கேட்காமல் போனது. சர்க்கரை ஏறி, கால் விரல் இரண்டை எடுத்தார்கள். கொலை நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்து, ஒரு போர்வையும் கடவுச்சீட்டும் மட்டும் கையில் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். திருச்சியில் போய் அழைத்து வந்த ஆரிபா, முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று பிறகு சத்தியப்பிரியாவிடம் சொன்னாள்.

வந்து பத்தாம் நாள் ஜமீல் காளியாயியைப் பார்க்க வேண்டும் என்றார். சத்தியப்பிரியாவையும் கூட வரச் சொன்னார். மூன்று பேருமாகப் போனார்கள். காளியாயி முற்றத்தில் பாய் விரித்து, குடிக்கக் கலர் வாங்கி வைத்திருந்தாள். ஜமீல் கால் வலியால் பாயில் உட்கார முடியாமல் திண்டாட, மண்பானை வைக்கும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். சிறையைப் பற்றி அவள் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவருடைய நல்ல காதுப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னதெல்லாத்தையும் அவுககிட்டச் சொன்னீகளா?”

ஜமீல் முன்னால் இருந்த கலர்ப் பாட்டிலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“புள்ள போயிருச்சுன்னதைத்தான் சொன்னேன் தங்கச்சி. மத்தது நீ ஆத்தாமைல சொன்னது. அதப் போயி யாராச்சும் சொல்லுவாகளா? சொல்லல.”

காளியாயி அப்படியே முன்னால் சாய்ந்து தரையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே கிடந்தாள். முதுகு மட்டும் குலுங்கியது. ஆரிபா போய் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தன் புருசனைப் பொய்யால் சிறையில் வைத்திருந்தவளை அவள் அப்படி அணைத்துக்கொண்டதைச் சத்தியப்பிரியாவால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காளையார்கோவில் பஸ் நிறுத்தத்தில் காரைக்குடி வண்டிக்கு அரை மணி நேரம் இருந்தது. ஆரிபா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனாள். சிமெண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜமீல், கேட்காமலேயே பேசினார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் உரக்கப் பேசினார்.

“நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் மேடம். மொதல்ல புள்ள போனத மட்டுந்தான் சொன்னேன். வேற என்ன சொன்னா, வேற என்ன சொன்னான்னு மூணு தடவ கேட்டான். எம் புள்ள மேல சத்தியம் பண்ணச் சொன்னான். கூட்டாமக் கொறைக்காம அவ சொன்னபடியே சொன்னேன். தாக்கல் கொண்டு வந்தவன் அதுல கை வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் பேச்சு மூச்சு இல்லாம ஆனான். நான் பஸ்ஸ எடுத்துட்டுப் போயிட்டேன். நாப்பது பேரு கீழ பஸ்சுல ஒக்காந்துக்கிட்டு ஹாரன் அடிக்கிறாக. நான் போயிருக்கக் கூடாது.”

கோர்ட்டில் இதைச் சொல்லியிருந்தால் அவன் தானே விழுந்ததற்குக் காரணம் தெரிந்திருக்குமே, அப்போதே உங்களை விட்டிருப்பார்களே என்று சத்தியப்பிரியா கேட்டாள்.

“சொன்னா அது ஊருக்கு வரும். அந்தப் புள்ள காளியாயி கயித்துல தொங்கியிருக்கும்” என்றார் ஜமீல். பாட்டிலோடு வந்த ஆரிபா, என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன் என்றார்.

ஜமீல் பிறகு வண்டி ஓட்டவில்லை. கழனிவாசல் பக்கம் ஒரு தேங்காய்க் கமிஷன் கடையில் உட்கார்ந்து எடை பார்க்கிறார். சத்தியப்பிரியா அந்தக் கடைப்பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போகிறாள். ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பகம் கேட்டபோது, அந்தப் பதினோரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றாள்.

காளியாயி இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். மாதம் ஒரு தடவையாவது ஜமீலுக்குப் போன் பண்ணுகிறாள். கால் எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டீகளா, ஊருணியில் தண்ணீர் வற்றிவிட்டது, மாமியாருக்குக் கண் மறுபடி மங்குகிறது என்று வரிசையாகச் சொல்கிறாள். கடைசியில், நீங்க அன்னைக்குச் சொல்லாம விட்டீகளே, அந்தப் புண்ணியம் ஒங்களுக்குத்தாண்ணே என்று சொல்லித்தான் வைக்கிறாள். கொஞ்ச நாளாக அவள் பெயர் திரையில் வந்ததும் ஜமீல் போனை ஆரிபாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறார். அவர் தொழப் போயிருப்பதாக ஆரிபா அவளிடம் சொல்கிறாள்.